கேள்வி–பதில்: பிள்ளை வளர்ந்துவிட்டான், இனி என்ன?

சென்ற இதழில் ஆட்டிசம் (பேசுவதும் பழகுவதும் சிறு வயதிலிருந்தே வேறு மாதிரி இருக்கிற நிலை) உள்ள சின்னப் பிள்ளைகளுக்கான பேச்சுப் பயிற்சி பற்றி ஒருவர் கேட்டிருந்தார், பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் முக்கால்வாசி, "அதெல்லாம் சரி டீச்சர், எங்கள் பிள்ளை வளர்ந்துவிட்டானே, இனி என்ன செய்வது?" என்றுதான் கேட்கின்றன. நியாயமான கேள்வி. நாலு வயதில் தெரபி தெரபி என்று மதுரைக்கும் திருச்சிக்கும் அலைந்த குடும்பங்கள், பிள்ளைக்குப் பதினான்கு ஆகும்போது ஓய்ந்துபோய் உட்கார்ந்துவிடுகின்றன. வேலை அதிகமாக இருப்பதே அப்போதுதான். இந்த முறை பக்கம் முழுக்க அவர்களுக்கே.

என் மகனுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. ஆட்டிசம் 50 சதவீதம் என்று சான்றிதழ் இருக்கிறது. கணக்கு நன்றாகப் போடுவான், தமிழில் கட்டுரை என்றால் ஒரு வரி வராது. "பத்தாம் வகுப்பு ரிசல்ட் எங்களுக்கு முக்கியம், நீங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பள்ளியில் சொல்கிறார்கள். டி.சி. வாங்கிவிடலாமா?
– ஒரு தாய், பள்ளத்தூர்

வாங்காதீர்கள். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. 40 சதவீதமோ அதற்கு மேலோ சான்றிதழ் உள்ள பிள்ளைக்கு 6 வயதிலிருந்து 18 வயதுவரை பக்கத்துப் பள்ளியிலோ, நீங்கள் விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க அந்தச் சட்டம் உரிமை தருகிறது. உங்கள் மகன் அதற்குள் வருகிறான். ரிசல்ட் குறைந்துவிடும் என்பதெல்லாம் ஒரு காரணமே இல்லை. அடுத்த தடவை அப்படிச் சொன்னால் சண்டை போட வேண்டாம், "சரிங்க சார், அதையே எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அதோடு நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலரிடமும், சிவகங்கையில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் மனு கொடுங்கள், மனு நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அப்புறம், தேர்வுக்கு உள்ள சலுகைகளை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்று தெரிகிறது. பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு, சொல்வதை எழுத ஓர் ஆள், கூடுதலாக ஒரு மணி நேரம் என்று இவையெல்லாம் மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் மூலமாக விண்ணப்பித்தால் கிடைக்கும். இதை மார்ச்சில் போய்க் கேட்டால் நடக்காது, இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். சொல்வதை எழுதுகிறவரோடு உட்கார்ந்து பழகுவதே ஒரு பயிற்சி. முன்பின் தெரியாத ஆள் திடீரென்று பக்கத்தில் உட்கார்ந்தால், தெரிந்த பதிலும் உங்கள் மகன் வாயிலிருந்து வராது. அரையாண்டுத் தேர்விலேயே ஒத்திகை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு அந்தப் பள்ளி ஒத்துவரவில்லை என்றால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 14 வயது முடிந்திருந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஐந்து பாடம், அதையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, ஐந்து வருடத்துக்குள் ஒவ்வொன்றாக எழுதி முடிக்கலாம். நல்ல வழிதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: திறந்தநிலைப் பள்ளி என்றதும் பிள்ளையை வீட்டுக்குள் வைத்துவிடுகிற வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. காலையில் கிளம்பிப் போக ஓர் இடம் இல்லாமல் போனால், ஆறு மாதத்தில் எழுந்திருக்கிற நேரம் மாறிவிடும், சாப்பிடுகிற நேரம் மாறிவிடும், அதைத் திருப்பிக் கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இப்போது நான் உங்களைக் கேட்கிறேன். அவனுக்கு யார் குளிப்பாட்டிவிடுகிறார்கள்? மீசை அரும்பியிருக்குமே, சவரம் செய்யப் பழக்கியிருக்கிறீர்களா? கடைக்குப் போய் ஒரு பாக்கெட் பால் வாங்கி மீதிச் சில்லறை கொண்டுவருவானா? கணக்கு நன்றாகப் போடுகிற பையன் என்றால் இதை ஒரு மாதத்தில் பிடித்துக்கொள்வான். பத்தாம் வகுப்பில் அவன் வாங்கப்போகிற மார்க்கைவிட, இருபது வயதில் தானே குளித்து, தானே சோறு சூடு பண்ணிச் சாப்பிட்டு, உடம்புக்கு முடியவில்லை என்றால் அதைச் சொல்லத் தெரிவதுதான் அவன் எங்கே, யாரோடு வாழ்வான் என்பதைத் தீர்மானிக்கும். படிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும், நீங்களோ ஒன்றை மட்டும் நினைத்துக் கவலைப்படுகிறீர்கள்.

மகளுக்கு 11 வயது. ஒன்றிரண்டு வார்த்தைதான் பேசுவாள். எப்போது வேண்டுமானாலும் பெரியவளாகிவிடுவாள் என்று பயமாக இருக்கிறது. மாமியார் ஊரைக் கூட்டிச் சடங்கு சுற்ற வேண்டும் என்கிறார். மைக்செட் சத்தம் கேட்டாலே இவள் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். சொந்தத்தில் ஒருவர் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டால் தொல்லை இல்லை என்கிறார்.
– ஒரு வாசகி, தேவகோட்டை

கடைசியில் சொன்னதற்கு முதலில் பதில். கூடவே கூடாது. ஒருவருடைய சம்மதம் இல்லாமல் அவருக்குக் குழந்தைப்பேறு இல்லாமல் போகும்படி எந்தச் சிகிச்சையும் செய்யக் கூடாது என்று அதே 2016 சட்டம் சொல்கிறது. "தொல்லை" யாருக்கு என்று அந்தச் சொந்தக்காரரைக் கேளுங்கள். மாதா மாதம் துணி மாற்றிவிடுகிற வேலைக்குப் பயந்து ஒரு சின்னப் பெண்ணின் உடம்பை அறுக்கச் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பயத்தை விடுங்கள், இன்னும் நேரம் இருக்கிறது. நாப்கினை இப்போதே வீட்டில் வாங்கி வையுங்கள். முதலில் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கட்டும். அப்புறம் உள்ளாடையில் ஒட்டி பத்து நிமிடம் போட்டுக்கொள்ளட்டும், அடுத்த வாரம் அரை மணி நேரம், அப்படியே கூட்டிக்கொண்டு போங்கள். சில பிள்ளைகளுக்கு அதன் சரசரப்பு பிடிக்காது, வாசனை ஆகாது, அப்படியென்றால் பருத்தித் துணியில் தைத்தது முயன்று பாருங்கள். கழற்றுவது, சுற்றுவது, போடுவது, கை கழுவுவது எல்லாவற்றையும் படம் எடுத்து வரிசையாகக் குளியலறைச் சுவரில் ஒட்டுங்கள். சிவப்பைப் பார்த்து அடிபட்டுவிட்டது என்று பயப்படாமல் இருக்க, சிவப்புச் சாயம் தொட்ட நாப்கினை வைத்துப் பழக்குவது எங்கள் வகுப்புகளில் வழக்கம். வளவில் (வீட்டு முற்றத்தில்) எல்லோர் முன்னாலும் துணி மாற்றிவிடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, அம்மா அல்லது அப்பத்தா மட்டும், வேறு யாரும் தொடக் கூடாது. வார்த்தையில் சொல்ல வராத பிள்ளைக்கு இந்த வழக்கம்தான் பாதுகாப்பு. இதை மீறி யாராவது நடந்தால் அவள் முகம் மாறுவதை வைத்தே நீங்கள் கண்டுபிடித்துவிடலாம்.

சடங்கு உங்கள் குடும்ப விஷயம். செய்வதாக இருந்தால் மைக்செட் வேண்டாம், கூட்டம் வேண்டாம், காலையில் ஒரு மணி நேரத்துக்குள் முடியட்டும், கழுத்தை உறுத்தாத புடவையாக இருக்கட்டும், அலுத்துப் போனால் போய் உட்கார ஓர் அறை தயாராக இருக்கட்டும். மாமியாரிடம் "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் சண்டை வரும், "இப்படிச் செய்யலாம் அத்தை" என்று சொல்லிப் பாருங்கள்.

மகனுக்கு 26 வயது, ஆட்டிசம். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?
– ஒரு தகப்பனார், கோட்டையூர்

ஆகாது. ஆட்டிசம் உள்ளவர்கள் கல்யாணம் செய்துகொள்வதும் குடித்தனம் நடத்துவதும் உண்டுதான், ஆனால் உங்கள் மகன் கேட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. பெண் வீட்டில் சொல்லப்போகிறீர்களா என்றும் எழுதவில்லை. சம்பளம் இல்லாத தாதியாக ஒரு பெண்ணை வீட்டுக்குக் கொண்டுவருவதற்குப் பெயர் கல்யாணம் இல்லை.

நான் பேரனோடு கானாடுகாத்தானில் இருக்கிறேன். அவன் அப்பச்சியும் ஆத்தாவும் (அப்பா, அம்மா) சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறார்கள். வருகிற ஆவணியில் அவனுக்கு 18 முடிகிறது. அவன் பெயரில் உள்ள பேங்க் கணக்குக்கு இனி அவனே கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். பெயர் எழுதுவான், பணம் பற்றி ஒன்றும் தெரியாது. பூர்வீக வீட்டில் எங்களுக்கு ஒரு புள்ளிப் பங்கும் (ஒரு குடும்பக் கணக்குக்கு உரிய பங்கு) இருக்கிறது. எனக்கு 71 ஆகிவிட்டது.
– ஓர் ஐயா

ஐயா, ஆவணிக்கு முன்னால் கடிதம் எழுதினீர்களே, அதுவே பெரிய விஷயம். பலர் பேங்க் கவுன்டரில் நின்றுகொண்டுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். 18 முடிந்த அன்றிலிருந்து சட்டத்தின் கண்ணில் உங்கள் பேரன் முழு ஆள். பெற்றவர்களே ஆனாலும் அவனுக்காகக் கையெழுத்துப் போடத் தாமாக உரிமை வராது.

இதற்கென்றே 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் உரியது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர் அளவிலான குழு ஒன்று இருக்கும், அதில் பெற்றோரோ உறவினரோ விண்ணப்பித்தால் சட்டப்படியான பாதுகாவலரை நியமிப்பார்கள். சிவகங்கை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கேளுங்கள், வழி காட்டுவார்கள். அந்தச் சான்றிதழைப் பேங்கில் ஏற்றுக்கொள்வார்கள். பாதுகாவலர் ஆனவர் ஆறு மாதத்துக்குள் பேரனுடைய சொத்து விவரத்தைக் குழுவிடம் கொடுக்க வேண்டும், பிறகு வருடா வருடம் கணக்குக் காட்ட வேண்டும். நம் பக்கத்தில் வரவு செலவு எழுதுவது ஒன்றும் புதிதில்லையே, அதனால் உங்களுக்கு இது பாரமாக இருக்காது. பெயர் கொடுக்கும்போது மட்டும் உங்கள் வயதை யோசியுங்கள். பெற்றவர்கள் கடல் தாண்டி இருக்கிறார்கள். அவசரத்துக்கு இங்கே ஓடிவரக்கூடிய, பேரனுக்குப் பிடித்த, வயதில் இளையவர் ஒருவர் பெயரைப் பற்றியும் மகனிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

ஆனால் ஒன்று. பாதுகாவலர் வேண்டும் என்று நாம் முடிவு செய்துவிட்டால், பேரன் எதையும் முடிவு செய்யத் தேவையில்லை என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். 2016 சட்டம் அதனால்தான் வரையறுக்கப்பட்ட பாதுகாவல் என்று ஒரு வழி வைத்திருக்கிறது, குறிப்பிட்ட விஷயத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவனையும் கலந்துகொண்டு முடிவெடுப்பது. வீட்டுப் பங்கைப் பற்றி அவனுக்கு விளங்காமல் இருக்கலாம், என்ன சட்டை வாங்குவது, சாயங்காலம் எங்கே போவது என்பதெல்லாம் விளங்குமே. வாரம் நூறு ரூபாய் அவன் கையில் கொடுத்து அவன் இஷ்டத்துக்குச் செலவு செய்யவிடுங்கள், வீணாக்கினாலும் பரவாயில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் சேருங்கள். சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று நீதிமன்றமே சொன்னால் ஒழிய அவன் ஓட்டுரிமையை யாரும் தடுக்க முடியாது.

புள்ளிப் பங்கு விஷயத்தில் வாய் வார்த்தையை நம்பாதீர்கள். பங்காளிகள் பலர் இருக்கிற வீட்டில் நாளைக்கு விற்பதா, புதுப்பிப்பதா என்று பேச்சு வரும்போது, பேரனுக்காகப் பேச ஆள் இருக்க வேண்டும். நல்ல வக்கீலைப் பார்த்து உயிலோ, அவன் பேரில் தனி அறக்கட்டளையோ எது பொருத்தம் என்று கேட்டு எழுதிவையுங்கள். நிராமயா என்று தேசிய அறக்கட்டளையின் மருத்துவக் காப்பீடு ஒன்று இருக்கிறது, வருடத்துக்கு ஒரு லட்சம் வரை, பேச்சுப் பயிற்சி போன்ற தெரபிச் செலவுக்கும் அதில் இடம் உண்டு. சேர்க்கவில்லை என்றால் சேர்த்துவிடுங்கள். கையில் உள்ள ஊனச் சான்றிதழ் எதுவரை செல்லும் என்ற தேதியையும் ஒருமுறை பாருங்கள்.

காரைக்குடியில் பலகாரக் கடை வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு ஆச்சி தன் மகனை வேலைக்குச் சேர்த்துக்கொள்ளக் கேட்கிறார். 21 வயது, ஆட்டிசம். நல்ல பையன், ஆனால் சேர்த்துவிட்டுப் பிறகு அனுப்ப நேர்ந்தால் பாவமாகிவிடுமே என்று தயங்குகிறேன்.
– ஒரு கடைக்காரர்

தயக்கம் இருப்பதே நல்லதுதான் அண்ணே. பாவப்பட்டு சேர்த்துக்கொள்கிறவர்கள்தான் மூன்றாம் மாதம் அனுப்பிவிடுவார்கள்.

உங்களுக்கு ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். 1943-ல் லியோ கானர் என்ற மருத்துவர் ஆட்டிசம் பற்றி எழுதிய முதல் கட்டுரையில் பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள். அதில் முதல் பையன் டொனால்ட் டிரிப்லெட், அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊர்க்காரர். அவருடைய தாய் வழிக் குடும்பத்துக்கு ஊரில் ஒரு பேங்க் இருந்தது. 1958-ல் கல்லூரி முடித்து வந்தவருக்கு அந்த பேங்கிலேயே வேலை கொடுத்தார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொண்டார், கோல்ஃப் ஆடினார், தனியாகவே நாடு நாடாகச் சுற்றினார், 2023-ல் 89 வயதில் இறந்தார். குடும்பத்தில் காசு இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் ஒரு மாதிரி என்று தெரிந்தே ஊர் அவரை ஊர்க்காரராக வைத்துக்கொண்டது, அதற்குக் காசு போதாது. வட்டிக் கடையும் லேவாதேவியுமாக வளர்ந்த நம் ஊர்களுக்கு இந்தக் கதை ஒன்றும் அந்நியமாகத் தெரியாது என்றுதான் சொல்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் கல்லாவிலோ வாடிக்கையாளர் முன்னாலோ நிறுத்தாதீர்கள். மணகோலம் நிறுத்துப் பாக்கெட் போடுவது, தேதி ஒட்டுவது, சீப்புச் சீடையைப் பெட்டியில் அடுக்குவது இப்படி ஆரம்பமும் முடிவும் கண்ணுக்குத் தெரிகிற வேலையாகக் கொடுங்கள். "இதைக் கொஞ்சம் பார்த்துக்கோ" என்றால் நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பார், பிறகு நீங்கள் சத்தம் போடுவீர்கள். "ஒரு பெட்டிக்கு இருபது பாக்கெட், நாலு பெட்டி முடிந்ததும் என்னைக் கூப்பிடு" என்று சொல்லுங்கள், முதல் பெட்டியைச் செய்து காட்டுங்கள். அவர் சந்தேகம் கேட்கக் கடையில் ஒரே ஒரு ஆள் இருக்கட்டும், ஆளாளுக்கு ஒன்று சொன்னால் குழம்பிவிடுவார். வடைச் சட்டி பக்கத்தில் உள்ள சூடும் சத்தமும் சிலருக்குத் தாங்காது, உட்காருகிற இடத்தை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தீபாவளி நெருக்கடியில் வேலை நேரம் மாறும் என்றால் பதினைந்து நாள் முன்னாலேயே காலண்டரில் குறித்துக் காட்டிவிடுங்கள், அன்றைக்குக் காலையில் சொன்னால் வராது.

சம்பளம் கொடுங்கள். "சும்மா வந்து உட்காரட்டும், சாப்பாடு போடுகிறேன்" என்று ஆச்சியிடம் சொல்லிவிடாதீர்கள். மற்றவருக்கு என்ன கூலியோ அதே கூலி. முதல் ஒரு மாதம் பழகுகிற காலம் என்று இருவருக்கும் தெரியும்படி சொல்லிவைத்து, அதற்குப் பிறகு ஒத்துவரவில்லை என்றால் என்ன காரணம் என்று அவருக்குப் புரியும்படி சொல்லி அனுப்புங்கள். வேலையை விட்டு அனுப்பப்படுவது எல்லோருக்கும் நடப்பதுதான், அதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் கண்ணாடிமேல் அச்சு வைத்து ஒரே மாதிரி நிறம் ஊற்றுகிற வேலை, பனையோலைக் கொட்டான் முடைகிற வேலை என்று இந்த வட்டாரத்தில் ஒழுங்காகத் திரும்பத் திரும்பச் செய்கிற கைவேலைகளுக்குக் குறைவில்லை, உங்கள் கடை இல்லை என்றால் இன்னோர் இடம் கிடைக்கும்.

எனக்கு 23 வயது, எனக்கே ஆட்டிசம். எம்.காம். முடித்திருக்கிறேன். இன்டர்வியூவில் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்று நிராகரிக்கிறார்கள். முன்கூட்டியே சொல்லிவிடலாமா? வீட்டில் சொல்லாதே என்கிறார்கள்.
– ஒரு வாசகர், காரைக்குடி

சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு தம்பி, வீட்டாருடையது இல்லை. என் அபிப்பிராயம், சொல்லாமல் மறைத்து வேலை வாங்கினால் தினமும் நடிக்க வேண்டியிருக்கும், அது வேலையைவிடக் களைப்பு. "எனக்கு ஆட்டிசம், கண்ணைப் பார்க்காமல் பேசினால்தான் தெளிவாக யோசிக்க முடியும், கேள்விகளை எழுதிக் கொடுத்தால் இன்னும் நன்றாகப் பதில் சொல்வேன்" என்று இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அரசு வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில் ஒரு சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சேர்த்து இருக்கிறது. பதவிக்குப் பதவி மாறும், அறிவிப்பைக் கவனமாகப் படியுங்கள். மேலே படிக்க நினைத்தால் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத இடமும், வயது வரம்பில் ஐந்து வருடத் தளர்வும் உண்டு. உங்கள் கடிதத்தைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன், மற்றக் கடிதங்கள் எல்லாம் அவர்களைப் பற்றி, இது ஒன்றுதான் அவர்களில் ஒருவரிடமிருந்து வந்தது. இன்னும் எழுதுங்கள்.

19 வயது மகனை தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்குத் தொழிற்பயிற்சிக்குத் தனியாக பஸ்ஸில் அனுப்பலாமா? பேச்சு குறைவு, ஆனால் வழி மறக்க மாட்டான்.
– ஒரு தாய்

அனுப்பலாம், ஆனால் நாளைக்கே இல்லை. கொஞ்ச நாள் நீங்கள் பக்கத்து சீட்டில், அப்புறம் அதே பஸ்ஸில் நாலு சீட் தள்ளி, அப்புறம் அவன் பஸ்ஸில் ஏற நீங்கள் பின்னால் வண்டியில். தினமும் ஒரே நேரத்து பஸ், கண்டக்டர்களுக்கு அவனைத் தெரிந்திருக்கட்டும். சட்டைப் பையில் பெயரும் உங்கள் போன் நம்பரும், "எனக்கு ஆட்டிசம், அதிகம் பேச மாட்டேன், இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்ற வரியும் உள்ள அட்டை. வழி மறக்காத பிள்ளைகள் தடுமாறுவது வழி மாறும்போதுதான். பஸ் வரவில்லை, பாதியில் நின்றுவிட்டது, திருவிழாவுக்காக வேறு தெருவில் போகிறது, இப்படியான நாட்களைத் தேடிப் பிடித்து அவனோடு போய்ப் பழக்குங்கள். பஸ் நின்றுவிட்டால் இறங்கி நடக்க ஆரம்பிக்காமல் நின்ற இடத்திலிருந்தே உங்களுக்கு போன் செய்ய வேண்டும், அந்த ஒன்றை அவன் தவறாமல் செய்கிறான் என்று பார்த்த பிறகு அனுப்புங்கள்.